முதல் இரண்டு வரி

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால், மரக்கறிக் கடைகள் முடிகிற இடத்தில் செல்வரத்தினத்தாரின் கொமினிக்கேசன் இருந்தது. கடை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். போன் பேச ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு போட்டோகொப்பி மெஷின், ஒரு கம்ப்யூட்டர், மழை பெய்தால் ஒழுகுகிற கூரை. போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் சேர்த்து ஒரே லைன். ஒன்று உயிரோடு இருந்தால் மற்றது செத்துக் கிடக்கும்.

செல்வரத்தினத்தார் யாழ்ப்பாணத்து மனிதர். தபால் கந்தோரில் வேலைக்கென்று மலைக்கு ஏறி வந்தவர், பென்சன் எடுத்த பிறகு ஊருக்குப் போகலாமென்று இருந்தார். சண்டையில் ஊருக்குப் போகிற பாதையை மூடிவிட்டார்கள். சரி, பாதை திறக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று கடையைப் போட்டார். அந்தக் கடையில்தான் ரஜனி வேலை பார்த்தாள்.

ரஜனிக்கு இருபத்து மூன்று வயது. டிக்கோயாப் பக்கம் பாறைத் தோட்டத்தில் ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணிய மூன்றாவது ஆள், பெண்களில் முதல் ஆள். பாஸ் பண்ணி என்ன கிழித்தாள் என்று கேட்கிற வாய்கள் வரிசை வீடுகளான லயத்தில் நிறைய உண்டு. ஒன்றும் கிழிக்கவில்லைதான். டீச்சர் வேலைக்கு மூன்று தரம் எழுதிப் போட்டாள், மூன்று தரமும் வேறு யாருக்கோ கிடைத்தது. ஆனால் இரண்டு வருடமாகத் தோட்டத்துக்குச் செய்தி கொண்டுவருகிறவள் அவள்தான். அதை யாரும் மறுக்க முடியாது.

மலையகச் செய்தி போடுகிற ஒரு பத்திரிகை இணையத்திலும் வந்துகொண்டிருந்தது. எல்லாரும் அதை மலைப் பேப்பர் என்பார்கள். அதன் பக்கத்தில் ஒரு மூலையில் செம்மஞ்சள் சதுரமொன்று இருக்கும். செல்வரத்தினத்தாரின் மகன் கனடாவிலிருந்து போனில் சொல்லச் சொல்ல, ரஜனி அதைக் கம்ப்யூட்டரில் இணைத்து வைத்தாள். அதற்குப் பிறகு பக்கத்தைத் திறந்துவிட்டுப் படங்கள் ஒவ்வொன்றாக இறங்கும்வரை கொட்டாவி விட வேண்டிய அவசியமில்லை. காலையில் லைனைப் போட்டால் போதும். முந்தின நாளிலிருந்து ஏறிய புதுச் செய்திகள் எல்லாம், தலைப்பும் முதல் இரண்டு வரியுமாகத் தாமே வந்து வரிசையில் நிற்கும். இரண்டாவது வரியின் கடைசியில் மூன்று புள்ளி. மீதி வேண்டுமென்றால் தலைப்பின் மேல் அமுக்க வேண்டும். அமுக்கினால் முழுப் பக்கமும் இறங்க ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ ஆகும்.

"பிள்ளை, தலைப்புகளை எடுத்துப்போட்டு லைனை விடும்," என்பார் செல்வரத்தினத்தார். "சனம் கோல் எடுக்க நிக்குது. மிச்சம் முழுக்க வாசிக்க நாங்கள் என்ன பாராளுமன்றமே நடத்துறம்?"

அவள் அப்படியே செய்து பழகினாள். தலைப்பையும் இரண்டு வரியையும் இரண்டு தாளில் அடிப்பாள். ஒன்றைக் கடைக் கதவில் ஒட்டுவாள். மற்றதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். அங்கே அவளுடைய அப்பா ஆண்டியப்பன் குழாய்த் தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் காத்துக்கொண்டிருப்பார். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை அவருக்கு. பகலெல்லாம் தூங்கி எழுந்து, வேலைக்குப் போகும் முன் தண்ணீர் எடுக்க வருகிற அத்தனை பேருக்கும் தாளை உரக்க வாசிப்பார். எந்த ரோட்டில் மண் சரிந்தது, கொழும்பில் எந்த லொட்ஜில் எத்தனை பொடியன்களைப் பிடித்தார்கள், சம்பளப் பேச்சு எங்கே முறிந்தது, எந்தத் தோட்டத்தில் யார் செத்தது, எல்லாம் அதிலிருக்கும். வாசித்து முடித்ததும், "எம்மக மெஷின்ல தானா வந்து விழுந்திச்சு" என்று ஒரு தரம் சொல்லாவிட்டால் அவருக்கு அன்றைய பொழுது போகாது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு அந்தத் தாளோடு ஒத்துப்போகவில்லை. போன வருடம் கீழ் லயத்து அழகுமுத்து அதைப் படித்துவிட்டு மஸ்கெலியாவில் ஒரு செத்த வீட்டுக்குப் போய் வந்தான். ஆண்டியப்பன் அவனைப் பிடித்துத் திட்டித் தீர்த்தார். "ஏன்டா, பேப்பர் படிச்சிட்டு எழவுக்குப் போறியே, நீயெல்லாம் மனுசனா? கேதம்னா ஒரு ஆளு வாசல்ல வந்து நின்னு சொல்லணும். சொன்ன ஆளுக்கு ஒரு தேத்தண்ணி குடுத்து அனுப்பிட்டுத்தான் நாம கெளம்பணும். சொல்லாத வீட்டுக்குப் போறது சோத்துக்குப் போற மாதிரிடா." அழகுமுத்து சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

இரண்டாயிரத்து ஏழு, ஆடி மழை. ஐந்து நாளாக வானம் கண் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரஜனி லைனைப் போட்டாள். பத்து, பதினைந்து செய்தி வந்து விழுந்தது. ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினாள். சம்பளப் பேச்சு மீண்டும் இழுபறி. அக்கரப்பத்தனை - டயகம வீதியில் மண்சரிவு, போக்குவரத்துத் தடை. அதற்கு அடுத்தது மரண அறிவித்தல்.

"டயகம மேல் பிரிவைச் சேர்ந்த திருமதி வீரய்யா அழகம்மா நேற்றுத் திங்கட்கிழமை காலமானார். அன்னாரின் நல்லடக்கம் இன்று செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணியளவில் தோட்ட மயானத்தில்..."

ரஜனி இரண்டு தரம் வாசித்தாள். மூன்றாம் தரம் வாசிக்க முடியவில்லை, எழுத்துகள் கலங்கிப் போயின.

"என்ன பிள்ளை, ஏன் ஒருமாதிரி இருக்கிறீர்?" என்றார் செல்வரத்தினத்தார்.

"எங்க அத்தை சேர். அப்பாவோட சொந்த அக்கா. செத்துப் போயிட்டாங்க."

"ஐயோ, அப்படியே? மிச்சம் என்ன போட்டிருக்கினம்? திறந்து பாருமன்."

கூண்டுக்கு வெளியே ஒரு அம்மா குடையைச் சுருக்கியபடி நின்றாள். குவைத்திலிருக்கும் மகளோடு பேச, மழையில் நனைந்து வந்தவள். காலையிலிருந்து லைன் இன்டர்நெட்டில் இருந்ததால் அவள் நிற்கத் தொடங்கி அரை மணியாகிறது.

"மிச்சம் எல்லாம் பேருங்கதான் சேர். இன்னாருக்கு மகள், இன்னாருக்கு மாமியார்னு வரிசையா போட்டிருப்பாங்க. எல்லா நோட்டீஸும் அப்படித்தான் முடியும்," என்று சொல்லி ரஜனி லைனை வெட்டினாள். அந்த அம்மா கூண்டுக்குள் நுழைந்தாள்.

ஐந்து வருடமாக அந்த அத்தை வீட்டோடு போக்குவரத்து இல்லை. அதற்குக் காரணமும் ரஜனிதான். அழகம்மா அத்தை தன் மகன் யோகராஜுக்கு ரஜனியைக் கேட்டுத் தட்டோடு வந்தாள். முறைக்காரி, கேட்க உரிமையுள்ளவள். யோகராஜ் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ரஜனி அப்போது ஏ.எல். எழுதிக்கொண்டிருந்தாள். தனக்கு வேண்டாமென்று அடுப்படியில் நின்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். "படிச்ச புள்ளைய மாட்டுத் தொழுவத்துல கட்டச் சொல்றியா அக்கா" என்று கேட்டுவிட்டார். மாமா வீரய்யா தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அத்தை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் போனாள். யோகராஜ் பிறகு கட்டாருக்குப் போய்விட்டான்.

செல்வரத்தினத்தார் அவளை உடனே போகச் சொன்னார். ரஜனி பஸ்ஸுக்குப் போகும் வழியில் துணிக்கடையில் ஏறி ஒரு சிவப்புச் சேலை எடுத்தாள். பிறந்த வீட்டுக் கோடி. கட்டிக்கொடுத்து நாற்பது வருடம் ஆகட்டும், பேரன் பேத்தி எடுத்திருக்கட்டும், ஒரு பொம்பளை செத்தால் அவள் மேல் கடைசியாக விழ வேண்டியது அண்ணனோ தம்பியோ கொண்டுவந்த சேலைதான். அது விழாமல் பாடையைத் தூக்க மாட்டார்கள். அது விழாமல் போன பொம்பளையை, கேட்பாரில்லாமல் போனவள் என்று ஊர் பேசும். அழகம்மா அத்தைக்கு இருந்தது ஒரே தம்பி.

தோட்டத்துக்கு ஏறும் பாதையில் பதினெட்டாம் நம்பர் மலையில் அம்மா வீரம்மா கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். மழைக்கு இடுப்பில் கட்டிய படங்குத் துணியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ரஜனி கீழேயிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். வீரம்மா கூடையை அப்படியே இறக்கி வைத்தாள்.

"ஐயையோ, அண்ணி போயிட்டாங்களா? வாய அடக்கமாட்டாம அன்னிக்கு ஒரு வார்த்த வந்திச்சே, அதோட போயிட்டாங்களே... ஒங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"நான் இப்பத்தான் வர்றேன்."

வீரம்மா கங்காணியிடம் ஓடினாள். கங்காணி தனக்கு மேலேயுள்ள கண்டாக்கையாவைக் கேட்க வேண்டுமென்றார். "எழவுக்குப் போறதுக்கு என்னாத்துக்கு கண்டாக்கு? அரை நாள் சம்பளம்னு அரைப் பேர் போட்டா போட்டுக்க," என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

வீட்டில் ஆண்டியப்பன் தூங்கிக்கொண்டிருந்தார். இரவு முழுக்க வாட்டுத் தட்டில் கொழுந்து புரட்டிய உடம்பு. எழுப்பி உட்கார வைத்து, வீரம்மாதான் சொன்னாள். அவர் கம்பளியை மடித்து மூலையில் வைத்தார். பிறகு வாசலுக்குப் போய் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துவிட்டு வந்தார்.

"யாரு வந்து சொன்னா?"

"யாரும் வரலப்பா. பேப்பர்ல வந்திச்சு. மூணு மணிக்கு எடுக்கிறாங்களாம். இப்ப கெளம்புனா போயிரலாம். கோடி எடுத்தாந்திருக்கேன்."

"யாரும் வரலைல்ல?"

"ரோட்டுல மண்ணு சரிஞ்சிருக்காம்பா. அதும் பேப்பர்ல இருக்கு."

"மண்ணு சரிஞ்சா காலு இல்லையா?" என்றார் ஆண்டியப்பன். "தொண்ணூறுல எங்கக்கா வீட்டுக்காரரோட அம்மா செத்தப்ப இதே மழ. ரோடாவது ஒண்ணாவது. மலைக்கு மலை ஏறி எறங்கி நடந்து வந்து, இந்த வாசல்ல நின்னு சொன்னாரு மனுசன். அன்னிக்கு நான் வேணும். இன்னிக்கு நான் வேணாம்."

"அப்படி எதுக்கு நெனைக்கிறீங்க? கலங்கிப் போயிருப்பாங்க," என்றாள் வீரம்மா.

"கலங்கிப் போனவனுக்கு பேப்பருக்கு எழுதிப் போட மட்டும் தெரியுதோ? ஏய், யோசிச்சுப் பாருடி. எங்கக்கா செத்தது கடக்கார ஐயாவுக்குத் தெரியும். அங்க போன் பேச வந்தவளுக்குத் தெரியும். கதவுல ஒட்டியிருந்தா ஹட்டன் டவுனுக்கே தெரியும். ஊரே படிச்சு முடிச்சதுக்கப்புறம் கூடப்பொறந்தவன் படிச்சுத் தெரிஞ்சிக்கணும். செருப்பால அடிச்சிருந்தாக் கூட எனக்கு இவ்வளவு வலிக்காது."

"மாமா மேல கோவம்னா இருக்கட்டும்ப்பா," என்றாள் ரஜனி. "அத்தை மேல என்ன கோவம்? அவங்க என்ன செஞ்சாங்க?"

ஆண்டியப்பன் மடித்த கம்பளியின் மேல் உட்கார்ந்து சொன்னார்.

"எங்கம்மா சாகும்போது எனக்கு மூணு வயசு. அக்காவுக்குப் பன்னெண்டு. பேர் பதிஞ்சு மலைக்குப் போச்சு. என்னையப் புள்ளக்காம்பராவுல விட்டா நான் அழுவேன்னு முதுகுல கட்டிக்கிட்டுப் போயி கொழுந்தெடுத்திச்சு. கங்காணி வஞ்சான், அடிச்சான், எறக்கி விடல. எனக்கு அம்மான்னா அது அக்காதான்."

"அப்ப போங்கப்பா. கால்ல விழுந்து கேக்கிறேன்."

"எப்படிப் போவேன்? சொல்லு, எப்படிப் போவேன்? அங்க வாசல்ல போயி நிக்கிறேன். 'நீ ஏன் வந்த, ஒனக்கு யாரு சொன்னா'ன்னு அவரு நாலு பேருக்கு முன்னால கேட்டாருன்னா? மெஷினு சொல்லிச்சுன்னு சொல்லவா?"

இரண்டு வருடமாக அவருடைய பெருமையாக இருந்த அந்த மெஷின் அன்றைக்கு அவர் வாயில் ஒரு கெட்ட வார்த்தையைப் போல வந்தது. வீரம்மா ரொட்டி தட்டி, கட்டைச் சம்பலோடு கொண்டுவந்து வைத்தாள். செத்த செய்தி கேட்ட வீட்டில் எப்படி அடுப்பைப் பற்ற வைத்தாய் என்று அவர் அவள் மேல் எரிந்து விழுந்தார். ஆள் விட்டுச் சொல்லவில்லை என்றால் இது செத்த வீடுமில்லை, சாப்பிடுங்கள் என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். அவர் தட்டைத் தொடவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அவர் எழுந்து வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டார். ரஜனிக்கு உயிர் வந்தது. ஓடிப்போய்ச் சேலைப் பார்சலை எடுத்தாள்.

"வை அத," என்றார். "ஆளு வரும். எங்கக்கா வீட்டாளுங்க அவ்வளவு கேவலமானவங்க இல்ல. மண்ணு சரிஞ்சதுல சுத்தி வருவாங்க. வந்த ஒடனே கெளம்பணும்ல, அதுக்குத்தான் உடுத்துறேன்."

வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். லயத்திலிருந்து பார்த்தால் தோட்டத்து ரோடு மூன்று வளைவுக்குத் தெரியும். மூன்றாவது வளைவில் மழைக்குள் ஒரு ஆள் தெரிந்தால் அவர் முழங்காலில் கை ஊன்றி எழுந்திரிப்பார். அது உரமூட்டைக்காரனாக இருக்கும், இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருக்கும். மறுபடி உட்காருவார். ஒரு மணிக்கு டவுன் பஸ் கீழே ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. ரஜனி அவரைப் பார்த்தாள். அவர் ரோட்டைப் பார்த்தார். கறுப்புக் குடையோடு ஒருவர் ஒன்றரை மணி போல மேலே ஏறி வந்தார். ஆண்டியப்பன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கி நின்றார். அது தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்துக்காரர், காய்ச்சல்காரி ஒருத்தியைப் பார்க்கப் போகிறவர். "என்னா ஆண்டியப்பன், வெள்ளையும் சொள்ளையுமா எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்று ஆண்டியப்பன் சொன்னார்.

இரண்டரை மணிக்கு ரஜனி, "நானாவது போறேன்ப்பா" என்றாள். இனிப் போனாலும் சேர முடியாதென்று தெரிந்துதான் கேட்டாள். ஆனாலும் அவர் சொன்ன சொல் அவளைச் சுட்டது. "போ. போனா அங்கேயே இருந்துக்க. அவங்க தட்டோட வந்தப்ப நீ மாட்டேன்னு சொல்லாம இருந்திருந்தா, இன்னிக்கு அந்த வீட்டுல நின்னு நீயே எனக்கு ஆளு அனுப்பியிருப்ப."

வீரம்மா, "என்னாங்க பேச்சு பேசுறீங்க" என்று கத்தினாள். ரஜனி உள்ளே போய்ச் சேலைப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது. ஆண்டியப்பன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். துண்டை எடுத்துக்கொண்டு பீலிக்கரைக்குப் போனார். அந்தக் குளிரில், கொட்டுகிற மழையில், பீலிக்குக் கீழே தலையைக் கொடுத்து நின்றார். உடன்பிறந்தவள் மண்ணுக்குள் போனால் தலை முழுகத்தானே வேண்டும். போகாவிட்டாலும் முழுகத்தானே வேண்டும். தண்ணீருக்குக் குடத்தோடு வந்த பொம்பளைகள் விஷயம் புரியாமல் எட்ட நின்றார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் தான் அழுவது யாருக்கும் கேட்காதென்று அவர் நினைத்திருப்பார். லயத்தின் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்டது. அன்றைக்குச் செய்தித் தாள் வாசிக்கவில்லையா என்று எவரும் கேட்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை. ரஜனி பிந்தித்தான் கடைக்குப் போனாள். செல்வரத்தினத்தார் குடையை விரித்து வாசலில் காய வைத்துக்கொண்டிருந்தார்.

"வந்திட்டீரே பிள்ளை? செத்தவீடு எல்லாம் ஒழுங்கா முடிஞ்சுதோ? நேற்று நீர் போன பிறகு, பதினொரு மணி இருக்கும், கட்டாரிலையிருந்து ஒரு பொடியன் உம்மைக் கேட்டு எடுத்தவர். நீர் செத்தவீட்டுக்கு வெளிக்கிட்டுப் போட்டீர், தகப்பனையும் கூட்டிக்கொண்டு இப்ப பாதி வழியிலை நிப்பீர் எண்டு சொன்னனான். பாவம், அழுதவர். நல்லது ஐயா, நல்லது ஐயா எண்டு வைச்சவர்."

ரஜனி உள்ளே ஓடினாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். லைனைப் போட்டாள். கிர் கிர்ரென்று அது கத்தி முடிக்கும்வரை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செய்திகள் வந்து விழுந்தன. மேலேயிருந்து நாலாவது, நேற்று மாலை மூன்று ஐம்பதுக்கு ஏறியது.

"அறிவித்தல்: நல்லடக்கம் பிற்போடப்பட்டது. திருமதி வீரய்யா அழகம்மாவின் நல்லடக்கம், பிறந்த வீட்டார் வந்துகொண்டிருப்பதனால் நாளை புதன்கிழமை காலை 9 மணிக்கு..."

சுவரில் மணி பார்த்தாள். ஒன்பது இருபத்தைந்து.

பழையதற்கு, நேற்றுக் காலை பார்த்ததற்கு இறங்கி, தலைப்பின் மேல் அமுக்கினாள். இரண்டு வருடத்தில் அவள் ஒரு மரண அறிவித்தலை அமுக்குவது அதுதான் முதல் தடவை. பக்கம் மெல்ல மெல்ல இறங்கியது. முதலில் பத்திரிகையின் பெயர், பிறகு ஏதோ விளம்பரம், பிறகு அத்தையின் படம். தேசிய அடையாள அட்டைக்கு எடுத்த படம், காதில் தோட்டோடு முறைத்துப் பார்த்தபடி. அதற்குக் கீழே எழுத்துகள் வந்தன. அவள் நேற்று செல்வரத்தினத்தாரிடம் சொன்னது போலவே, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், பாறைத் தோட்டம் ஆண்டியப்பனின் அன்பு அக்காள் என்று பேர்கள் இருந்தன. அதோடு முடியவில்லை.

"மாமாவுக்கு: நேற்று மாலை உங்களுக்குச் சொல்ல அனுப்பிய ஆளை மண் சரிந்த இடத்தில் பொலிஸ் திருப்பி அனுப்பிவிட்டது. ரஜனியின் கடைக்கு எடுத்தேன், லைன் கிடைக்கவில்லை. நீங்கள் கொண்டுவரும் கோடி விழுந்த பிறகுதான் அம்மாவை எடுப்பார்கள். நேரம் போட்டிருந்தாலும் உங்களுக்காக வைத்திருப்பார்கள். இன்று நடந்து போக விடுகிறார்கள். மண் சரிந்த இடத்தில் அப்பாவே குடையோடு நிற்பார். என்னாலும் வர முடியவில்லை. நேரில் வந்து சொன்னதாக நினைத்து இதை ஏற்றுக்கொள்ளுங்கள். மகன் யோகராஜ், கட்டார்."

"பிள்ளை, லைனை விடும்," என்றார் செல்வரத்தினத்தார். அவள் லைனை வெட்டினாள். வெட்டிய கையோடு போன் அடித்தது.

"ரஜனியா? நான் யோகராஜ் பேசுறேன்." ஐந்து வருடத்துக்குப் பிறகு கேட்கிற குரல். அழுது அழுது கரகரத்துப் போயிருந்தது. "இப்பத்தான் எடுத்தாங்களாம். கணக்கப்புள்ள மொபைல்ல சொன்னாரு. மாமா எங்க? வழியில ஏதாச்சும் ஆயிருச்சா? வண்டி கிண்டி மோதி... ராத்திரி முழுக்க எனக்கு அதே பயம்."

"இல்லை. அப்பா வீட்டுலதான் இருக்காங்க."

"வீட்டுலயா?"

"கெளம்பல."

"அப்பா நேத்து காலையிலருந்து அந்த மண்ணு சரிஞ்ச எடத்துல நின்னாரு, ரஜனி. இருட்டுற வரைக்கும் நின்னாரு. மத்தியானமே நான்தான் சொன்னேன், மாமா கெளம்பிட்டாரு, கடக்கார ஐயா சொன்னாரு, வச்சிருங்கன்னு. எல்லாரும் முணுமுணுக்கிறாங்க, மழ, பொணம் தாங்காதுன்னு. அப்பா கேக்கல. எம் மச்சான் வருவான்னு சொல்லி ஒரு ராத்திரி வச்சிருந்தாரு. காலையில ஒம்பதுக்கு மேல முடியல. பக்கத்துக் காம்பரா கஸ்பர் மாமா வேதக்காரரு, நம்ம சாதி சனம் கூட இல்ல, 'நான் தம்பியா நின்னுக்கிறேன்'னு சொல்லி, அவங்க வீட்டு அந்தோனியம்மா பொட்டியில வச்சிருந்த சேலைய எடுத்துப் போட்டாராம்." அவன் மூக்கை உறிஞ்சினான். "நான் போட்டத மாமா பாக்கலையா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"நான்தான் பார்த்தேன். மேல ரெண்டு வரிதான் பார்த்தேன். மூணு மணின்னு இருந்திச்சு. கீழ எழுதியிருந்தத இப்பத்தான் பார்க்கிறேன்."

"தொறக்கலையா?"

"தொறக்கல."

"ஒரு அமுக்கு. அதக் கூடவா அமுக்கல?"

"அமுக்கல."

"இத நான் அப்பாகிட்ட எப்படிச் சொல்லுவேன்?" என்றான் யோகராஜ். கோபமாகக் கூட இல்லை, களைத்துப்போய்க் கேட்டான். "தொறந்து பாக்கலையாம்ப்பான்னா? ஒரு ராத்திரி பொணத்த வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்த மனுசன்கிட்டப் போயி அதச் சொல்லவா? நம்புவாரா அவரு? நீங்க வேணும்னுதான் வரலன்னு முடிவு பண்ணிட்டாங்க அங்க. ஊருக்கு முன்னால அப்பா ஒங்க அப்பா பேர்ல தண்ணி தெளிச்சு விட்டுட்டாரு. விடு. வச்சிர்றேன்."

அவன் வைத்துவிட்டான். ரஜனி ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். போன் பேச வந்த ஒருவர் பேசி முடிந்ததா என்று கேட்டார். செல்வரத்தினத்தார் அவளிடமிருந்து ரிசீவரை வாங்கி வைத்தார். "நான் தெரியாமல் சொல்லிப்போட்டன் பிள்ளை," என்றார். யார் தெரிந்து செய்தார்கள், எல்லாரும் தெரியாமல்தான் செய்தார்கள். அதனால் என்ன வந்தது? பொணம் நாற நாறக் காத்திருந்தது.

அன்றைக்கு அவள் தாளும் அடிக்கவில்லை, கதவில் ஒட்டவுமில்லை. நாலு மணி பஸ்ஸில் ஏறினாள். வழி நெடுக ஒன்றே ஒன்றைத்தான் யோசித்தாள். உண்மையைச் சொன்னால் அப்பா தாங்குவாரா? தான் தலை முழுகிய நேரத்தில் அக்கா இன்னும் வீட்டு நடுவில் கிடந்தாள், தன் சேலைக்காகக் கிடந்தாள், மாமா குடையோடு மழையில் நின்றார் என்று தெரிந்தால் அந்த மனிதர் அன்றைக்கே செத்துப்போவார். சொல்லாவிட்டால் சாகிற வரைக்கும் அவர்களைக் கரித்துக்கொட்டிக்கொண்டு உயிரோடு இருப்பார். கரித்துக்கொட்டட்டும், உயிரோடு இருக்கட்டும். குற்றத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாமென்று நினைத்தாள். அது அவ்வளவு பெரிய தியாகமொன்றும் இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்வதும் அதில் இருந்தது. அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

வீட்டில் விளக்கு வைக்கவில்லை. வீரம்மா பீலிக்குப் போயிருந்தாள். ஆண்டியப்பன் வேலைக்குப் புறப்படுகிற கோலத்தில், காக்கிக் காற்சட்டையோடு அடுப்படியில் உட்கார்ந்து வெறும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மகளை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"மெஷின்ல வேற ஏதாச்சும் வந்திச்சா?"

"எதப் பத்திப்பா?"

"அதப் பத்தித்தான். எத்தன மணிக்கு எடுத்தானுங்களாம்?"

ரஜனி செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தாள். மூலையிலிருந்த சேலைப் பார்சலின் மேல் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அதைத் தட்டிவிட்டாள்.

"மூணு மணிக்கே எடுத்துட்டாங்களாம்ப்பா."

"தெரியும்," என்றார் ஆண்டியப்பன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியும். எனக்காக ஒரு அஞ்சு நிமிசம் வச்சிருப்பானுங்களா? எந்தம்பி வருவான், கொஞ்சம் பொறுங்கன்னு சொல்ல செத்தவளுக்கும் வாயில்ல. அவனுங்க வச்சிருப்பானுங்களா, நீயே சொல்லு."

"வச்சிருக்க மாட்டாங்கப்பா," என்றாள் ரஜனி.